கேட்டது மட்டும்

அந்தத் தும்மல் தையலக்காவோடதுதான். அதுல சந்தேகமே இல்லை. முதல்ல மூக்குக்குள்ள சின்னதா ஒரு விசில், அப்புறம் ரெண்டு தும்மல் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு, கடைசியில "ஹம்மா"ன்னு ஒரு இழுப்பு. இருபது வருஷமா பஞ்சுலயும் நூல் தூசியிலயும் உட்கார்ந்து தச்சுத் தச்சு வந்த தும்மல் அது, அதே மாதிரி இன்னொருத்தருக்கு வராது. என்ன விஷயம்னா, இப்போ அவ தும்மவே இல்லை.

அவ தும்மினது ஏழாவது நிறுத்தத்துல, அரைமணி முன்னாடி. இப்போ எட்டாவது நிறுத்தத்துல வாயை மூடிக்கிட்டு, அட்டையையும் பென்சிலையும் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. இடது பக்கம் புதருக்கு அந்தாண்டை இருந்து அவளோட தும்மல், விசில், இழுப்பு எல்லாத்தோடயும் அப்படியே வருது.

திரும்பிப் பார்க்கலாமான்னு கேட்டா, கூடாது. அது டீச்சரோட சட்டம். வருஷத்துக்கு ஒரு நாள், ஊருக்கு வெளியில இருக்கற காட்டுல என்னென்ன உயிர் இருக்குன்னு எண்ணி எழுதறாங்க இவங்க. பறவை, அணில், தவளை, பட்டாம்பூச்சி, எதுவா இருந்தாலும் சரி. நாலே பேர்தான். ரிட்டயர் ஆன சயின்ஸ் டீச்சர்தான் தலைவி. தபால்காரருக்குப் பாம்புக் காது, இலை விழுந்தா எந்த மரத்து இலைன்னு சொல்லிடுவார். பல் டாக்டர் கேமராவோட வருவார், வாயை மூடவே மாட்டார், ஊர் வாயை எல்லாம் திறந்து பார்த்து அவர் வாயை மூட மறந்துட்டார்னு டீச்சர் சொல்லுவாங்க. எழுதறதுக்குத் தையலக்கா. அளவெடுத்து எழுதற கை, கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

ஒவ்வொரு நிறுத்தத்துலயும் நாலு பேரும் முதுகோட முதுகு, தோளோட தோள் ஒட்டி, நாலு திசையைப் பார்த்து நிக்கணும். பத்து நிமிஷம் பேசக் கூடாது, அசையக் கூடாது, தலையைத் திருப்பவே கூடாது. ஏன்னா நீ திரும்பினா அடுத்தவர் எண்ணினதையே நீயும் எண்ணிடுவே, கணக்கு ரெட்டிப்பாயிடும். கண்ணால பார்த்தா ஒரு கட்டம், காதுல விழுந்தது மட்டும்னா வேற கட்டம். அதுவும் ரெண்டு பேர் காதுல விழுந்திருக்கணும். தையலக்காவுக்கு இடது தோள்ல தபால்காரர், வலது தோள்ல டீச்சர், முதுகுல டாக்டர். கேமராவைத் தூக்க முழங்கைக்கு இடம் வேணும்னு டாக்டர் தோள் மட்டும் யாரோடயும் ஒட்டாது. மூணு வருஷமா இதே நிலைதான், மாறினதே இல்லை.

டீச்சரோட வாட்ச் பீப் பீப்னு கத்திப் பத்து நிமிஷம் முடிஞ்சதும், தபால்காரர் சிரிச்சுக்கிட்டே திரும்பினார். "அக்கா, உங்க தும்மலுக்குக் காட்டுக்குள்ள ஒரு ரசிகர் இருக்கார் போல."

டீச்சர் முகத்தைப் பார்க்கணுமே, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சு. குரலைத் திருடிப் பேசற பறவைங்க உண்டு, ஆனா இந்தக் காட்டுல இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லைன்னு சொன்னாங்க. லிஸ்ட்டுல அப்போ தொண்ணூத்தொம்பது. போன வருஷமும் தொண்ணூத்தொம்பதுல நின்னுபோய், டீச்சர் ஒரு வாரம் யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசலை. ஆக, நூறு வாசல்ல வந்து நிக்குது.

தையலக்காவுக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டலை. அவளுக்கு மணிதான் கண்ணுல. மூணேகால்.

வீட்டுல அவ அம்மா இருக்காங்க. எழுபத்தெட்டு வயசு, ஞாபகம் வர்றதும் போறதுமா இருக்கு. ரெண்டு தடவை கதவைத் திறந்துட்டு எங்கேயோ போய், ஒரு தடவை பஸ் டிப்போவுல, ஒரு தடவை யாரோ வீட்டு மாடிப்படியில கண்டுபிடிச்சாங்க. அன்னைக்கிலிருந்து வெளிய போனா வெளிப்பக்கம் பூட்டிட்டுத்தான் போறா. மனசு கேட்காது, ஆனா வேற வழி? பக்கத்து வீட்டு நர்ஸ் மத்தியானம் ஜன்னல் வழியா சாப்பாடு கொடுத்துடுவா. நாலு மணிக்கு அவளும் நைட் டியூட்டிக்குக் கிளம்பிடுவா. அப்புறம் விடியற வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. சாவி ஒண்ணே ஒண்ணு, அது தையலக்கா இடுப்புப் பையில. அஞ்சு மணிக்குள்ள அவ போய்த் திறந்தாகணும். வெளிச்சம் குறைய ஆரம்பிச்சா அம்மாவுக்குப் பயம் வந்துடும், கதவைப் போட்டுத் தட்டித் தட்டிக் கையைப் புண்ணாக்கிப்பாங்க.

அதனால கிளம்பலாம் டீச்சர்னு மெதுவா சொல்லிப் பார்த்தா. காதுல வாங்கினாத்தானே. தபால்காரர் அந்தத் தும்மலை போன்ல பதிஞ்சு வச்சிருந்தார். பதிஞ்சதைப் போட்டுக் காட்டினா, அந்தப் பறவை இன்னொண்ணு வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டுக் கிட்ட வரும், பேரையும் கண்டுபிடிச்சுடலாம். மத்த நாள்ல டீச்சருக்கு அது பிடிக்காது, உயிரை ஏமாத்தறதும்பாங்க. அன்னைக்கு நூறுக்காகத் தலையை ஆட்டிட்டாங்க.

முதல் தடவை போட்டார். தூரத்துல பதில் வந்தது. ரெண்டாவது தடவை, கொஞ்சம் கிட்ட. மூணாவது தடவை போட்டதும் பதில் இல்லை, காத்து மட்டும் ஒரு தடவை இலையைப் புரட்டிட்டுப் போச்சு, டாக்டர் கேமராவைத் தூக்கிக் கண்ணுல வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் தேடினார், அப்போ எட்டே எட்டு அடி தள்ளி ஒரு அடிமரத்துக்குப் பின்னாடி இருந்து தையலக்கா குரல் பேசுச்சு.

"இதோ வந்துட்டேம்மா. கதவுகிட்ட போகாதே."

அது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவ போன்ல அம்மாகிட்ட சொன்னது. நாலாவது நிறுத்தத்துல. இங்கிருந்து ரெண்டு மைல்.

டாக்டர் முதல்ல சிரிச்சார், அப்புறம் சிரிப்பைப் பாதியில விட்டுட்டார். மரத்துக்குப் பின்னாடி போய்ப் பார்த்தா ஒண்ணும் இல்லை. இலை மட்டும் ரெண்டு இடத்துல அமுங்கி இருந்தது, யாரோ ரொம்ப நேரம் நின்ன மாதிரி.

டீச்சர் மட்டும்தான் பேசினாங்க. "எழுதிக்கோ. நூறு."

அவ எழுதினா. பேர் தெரியாது. கேட்டது மட்டும். எண்ணிக்கை ஒண்ணு.

ஒன்பதுதான் கடைசி நிறுத்தம், அங்கிருந்து காட்டு கேட்டுக்குக் கால் மணி நடை. எப்படியும் அந்த வழியாத்தான் போகணும், பத்தே நிமிஷம் நின்னுட்டுப் போயிடலாம்னு முடிவாச்சு. தையலக்கா வேகமா நடந்தா. கார்ல ஏறினா அரை மணியில வீடுன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே நடந்தா. நடக்கும்போதுதான் கவனிச்சா, காலையிலிருந்து காதைத் துளைச்சுக்கிட்டிருந்த சத்தம் எதுவுமே இல்லை. மரங்கொத்தி இல்லை, புறா இல்லை, கொசு கூட இல்லை. நாலு ஜோடி செருப்புச் சத்தம் மட்டும்தான். பின்னாடி கொஞ்சம் தள்ளி, இன்னும் நாலு ஜோடி. இவங்க நின்னா, அது ஒரு அடி தாமதமா நின்னுச்சு. தபால்காரரும் அதைக் கேட்டிருக்கார். அவர் முகத்துல ரத்தமே இல்லை.

ஒன்பதாவது நிறுத்தம் ஒரு பள்ளம். வெயில் மேலேயே நின்னுடும், கீழ இறங்காது. மக்கின இலை கணுக்கால் வரைக்கும். நனைஞ்ச சாக்கை மூட்டை கட்டி மறந்துபோய், ஒரு மாசம் கழிச்சுப் பிரிச்சா வருமே, அந்த நாத்தம். நாலு பேரும் வழக்கம்போல ஒட்டி நின்னாங்க. அன்னைக்கு வழக்கத்தை விட இறுக்கமாவே நின்னாங்க. டீச்சர் வாட்ச்சை அழுத்தினப்போ மணி மூணு ஐம்பது.

முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இல்லை. தபால்காரர் மூச்சு அவ இடது தோள்ல ஏறி இறங்குது, டாக்டர் முதுகு வேர்வை அவ முதுகுல ஊறுது, டீச்சர் சட்டைப்பை சாக்பீஸ் வாசனை லேசா வருது, இந்த மூணு சூடும் இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு அவ தனக்குத்தானே சொல்லிக்கிட்டு எதிர்ல இருக்கற ஒரு வெள்ளைக் காளானையே பார்த்துக்கிட்டிருந்தா.

அப்போ தபால்காரருக்கு முன்னாடி, பள்ளத்தோட மேட்டுல இருந்து டாக்டர் கூப்பிட்டார். "இங்க வாங்க சார், பார்த்துட்டேன், சீக்கிரம்."

டாக்டர் முதுகு அவ முதுகுலதான் இருக்கு. அசையவே இல்லை. பேசினா முதுகு அதிரும், அதிரலை.

தபால்காரருக்கு அது தெரியாது. டாக்டர் அவருக்கு ஒட்டாத பக்கம். அவருக்குத் தெரிஞ்சதெல்லாம், டாக்டர் குரல், முன்னாடி, கிட்ட. இடது தோள் சூடு விலகுச்சு. இலையில நாலு அடி சத்தம். அஞ்சாவது அடி இல்லை.

கூப்பிடலாம்னு வாயைத் திறந்தவ, அது காதுல விழுந்துடும்னு மூடிக்கிட்டா. காளானைப் பார்த்தா. காளான் மட்டும்.

கொஞ்ச நேரத்துல தோள் திரும்பி வந்தது. மெதுவா வந்து, அவ இடது தோளோட ஒட்டிக்கிச்சு. அப்பாடான்னு உயிர் வந்தது அவளுக்கு. ஒரு நிமிஷம்தான்.

தபால்காரர் யூனிபார்ம் அவ தச்சது. பை தூக்கித் தூக்கி அவர் வலது தோள் ஒரு இஞ்ச் இறக்கம், அதுக்காகவே அந்தப் பக்கம் பட்டை வச்சு, ரெட்டைத் தையல் போட்டிருந்தா. மூணு வருஷமா ஒட்டி நிக்கும்போதெல்லாம் அந்தத் தையல் மேடு அவ கையில உரசும்.

இப்போ உரசலை. மேடு இல்லை. இறக்கம் இல்லை. துணியே இல்லை. ஈரமா, குளிர்ச்சியா, சட்டி அடியில ஒட்டின பாசி மாதிரி ஏதோ ஒண்ணு, தோள் இருக்க வேண்டிய இடத்துல. மூச்சும் இல்லை.

டாக்டர் சட்டையை விரலால பிடிக்கணும்னு கையைப் பின்னாடி கொண்டுபோறா. அதுக்குள்ள அவருக்கு முன்னாடி டீச்சர் குரல். "டாக்டர், கேமராவோட வாங்க." வலது பக்கம் டீச்சர் விலா கல்லு மாதிரி இருக்கு. பேசினது டீச்சர் இல்லை. அவளுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது.

சட்டை நுனி விரல்ல பட்டு நழுவிடுச்சு.

கிளிக். கிளிக். கிளிக். கேமரா எடுத்துக்கிட்டே இருந்தது. அப்புறம் நின்னது. அப்புறம் மறுபடியும் கிளிக், இந்தத் தடவை நாக்கால. வேற பக்கத்துல இருந்தும் ஒரு கிளிக்.

முதுகுல ஏதோ வந்து சாஞ்சுது. டாக்டரை விட உயரம்.

டீச்சர் கை இருட்டுல தேடற மாதிரி வந்து, அவ கையிலிருந்த பென்சிலைப் பிடிச்சது. தலையைத் திருப்பாமலே, அட்டையில, லிஸ்ட்டுக்குக் குறுக்கால, கோணல் மாணலா எழுதினாங்க. அவ கண்ணை மட்டும் தாழ்த்திப் படிச்சா. அசையாதே. பேசாதே. அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுத ஆரம்பிச்சாங்க. வாட்ச்னு எழுதி நிறுத்திட்டாங்க.

பத்து நிமிஷம் ஆனா அது கத்தும்.

தையலக்காவுக்கு அதை விடப் பெரிய இடி. பத்து நிமிஷம் ஆனா நாலு மணி. நர்ஸோட ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அம்மா போனை அழுத்துவாங்க, தினமும் தவறாது. மெஷின்ல கை இருக்கும்போது எடுக்க முடியலைன்னு, அம்மா நம்பர் மட்டும் தானா எடுத்து ஸ்பீக்கர்ல பேசற மாதிரி போன் கடைக்காரர்கிட்ட சொல்லி வச்சிருந்தா. போன் இடுப்புப் பையில. வலது பக்கம். கை எட்டும். கையை அசைச்சாத்தானே எட்டும்.

டீச்சர் வாட்ச்சைக் கழட்டினாங்க. ரொம்ப மெதுவா. வார் தோல்ல உரசற சத்தம் கேட்டது. கையைத் தூக்கித் தூரமா எறிஞ்சாங்க. அது எங்கேயோ இலையில விழுந்து, அப்போதான் கத்துச்சு. பீப் பீப்.

இடது பக்கம் பீப் பீப். மேல பீப் பீப்.

வலது தோள் இல்லை. சத்தமும் இல்லை, இழுத்த மாதிரியும் இல்லை, ஓடின மாதிரியும் இல்லை. இருந்தாங்க, இல்லை. சாக்பீஸ் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்னுது.

அப்புறம் வலது தோள் வந்தது. குளிர்ச்சியா.

மூணு பக்கமும் ஒட்டியாச்சு. இறுக்கமா. அவ மூச்சு விட்டா அதுங்களும் ஒரு நொடி தள்ளி மூச்சு விடற மாதிரி அழுத்தம். கண்ணுல தண்ணி வழிஞ்சு உதட்டுல நின்னுது. துடைக்கலை.

போன் அடிச்சது. ஒண்ணு. ரெண்டு. எடுத்துக்கிச்சு.

"ஏண்டி பாப்பா, எங்க இருக்கே? ஸ்கூட்டர் போயிடுச்சே."

அம்மா குரல். இடுப்புல இருந்து, பை துணிக்குள்ள இருந்து. இடது பக்கம் இருந்தது வளைஞ்சு குனியறது தோள்ல தெரிஞ்சது. ரொம்ப நேரம் குனிஞ்சுது. அவ்வளவு நீளம் இருந்திருக்கு.

"பாப்பா? பேசு கண்ணு. கதவு திறக்க மாட்டேங்குது."

அவ இடுப்புகிட்ட இருந்து அவ குரல். "இதோ வந்துட்டேம்மா. கதவுகிட்ட போகாதே."

"சரி சரி. வா. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கேன்." அம்மா சிரிக்கறாங்க. குழந்தை மாதிரி.

இடது தோள் விலகுச்சு. வலது தோள். முதுகு. மூணும் ஒரே நேரத்துல. இலையில காலடி, அவசரமே இல்லாம, மேடு ஏறி, கேட்டு இருக்கற திசையில. ரோடு இருக்கற திசையில. வீடு இருக்கற திசையில. சாவி எங்கிட்டதான் இருக்குன்னு நினைச்சா. பூட்டு இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சா. ஜன்னலுக்குப் பூட்டு இல்லைன்னும் அப்போதான் நினைச்சா.

காத்து வந்தது. எங்கேயோ ஒரு புறா கத்திப் பார்த்தது. சும்மா நின்னா போதும். இன்னும் ஒரு நிமிஷம். அதுங்க போயிடும், அவ பிழைச்சுப்பா.

அவ பேசினா.

"அம்மா, அது நான் இல்லை. திறக்காதே. நான் இங்க இருக்கேன்."

காலடி நின்னுது. வா, இங்கேயே வான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை, காடே கேட்கற மாதிரிக் கத்தினா. "நான் இங்க இருக்கேன்!"

புறா நின்னுது.

மேட்டுல இருந்து வந்தது, "நான் இங்க இருக்கேன்." அதை அவ எதிர்பார்த்தா. காளானுக்குப் பின்னாடி இருந்து, "நான் இங்க இருக்கேன்." அதை எதிர்பார்க்கலை. மேல கிளையில இருந்து. காலடியில இலைக்குள்ள இருந்து. இடது பக்கம் ஒவ்வொரு மரத்துலயும், வலது பக்கம் ஒவ்வொரு மரத்துலயும், தூரத்துல, இன்னும் தூரத்துல, காட்டோட அந்த ஓரம் வரைக்கும், அதே குரல், அதே அழுகையோட. ஒண்ணுன்னு எழுதியிருந்தா.

கடைசியா, இடுப்புப் பையில, போனுக்கு அந்தப் பக்கம் இருந்து. கொஞ்சம் தள்ளி, ஜன்னலுக்கு வெளிய நின்னு பேசற மாதிரி.

"நான் இங்க இருக்கேன்."

"வந்துட்டியா?" அம்மா நாற்காலியைத் தள்ளிக்கிட்டு எழுந்திருக்கற சத்தம். ஜன்னல் கொக்கி கழட்டற சத்தம். "ஏண்டி, இவங்கள்லாம் யாரு? எல்லாரும் உன்னை மாதிரியே இருக்காங்க. இரு இரு, தள்ளாதீங்க. எத்தனை பேர்னு பார்க்கறேன்."

தையலக்கா தோளோட ஒரு தோள் வந்து ஒட்டுச்சு. அப்புறம் இன்னொண்ணு. முதுகுல. முன்னாடியும்.

போன்ல அம்மா சந்தோஷமா, விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டே இருந்தாங்க. பதினாலு. பதினஞ்சு. பதினாறு.